பதினாறு ஆண்டுகளாக வெளியே இருக்கும் குடலை இனி உள்ளே இணைக்கலாமா?

வடமராட்சியிலிருந்து 47 வயதான ஒருவர் எழுதியிருக்கிறார். 2009இல் வன்னியில் எறிகணைச் சிதறல் பட்டபோது அவருடைய பெருங்குடலின் ஒரு முனையை இடப்பக்க வயிற்றில் வெளியே எடுத்துப் பை பொருத்தியிருக்கிறார்கள். சில மாதங்களில் உள்ளே இணைத்துவிடலாம் என்று அப்போது சொல்லப்பட்டதாம். இடப்பெயர்வில் சிகிச்சை விவர அட்டை தொலைந்துபோக, அவரும் போகவில்லை, அவரை யாரும் அழைக்கவுமில்லை. இடைக்கிடை மலவாசல் வழியாகச் சளி வருகிறது. வருகிற ஆவணியில் மகளின் திருமணம். சென்னையில் பத்தே நாளில் இணைத்து அனுப்புவதாக ஒரு முகவர் முற்பணம் கேட்கிறாராம். இத்தனை காலத்துக்குப் பிறகு இது முடியுமா, செய்வது நல்லதா என்பது அவருடைய கேள்வி.

ஆண்டுக் கணக்கு இதற்குத் தடையல்ல. வயிற்றுக்குள் இருக்கும் அழற்சி அடங்குவதற்காகக் குறைந்தது மூன்று மாதமாவது காத்திருக்கச் சொல்வோமே தவிர, இத்தனை ஆண்டுக்குப் பிறகு கூடாது என்று ஓர் எல்லை இல்லை. உங்கள் விடயத்தைத் தீர்மானிக்கப்போவது, பயன்படாமல் கீழே கிடக்கும் மலக்குடல் எந்த நிலையில் இருக்கிறது, மலவாசலைச் சுற்றியுள்ள தசை மலத்தை அடக்கிப் பிடிக்கிறதா என்ற இரண்டும்தான். சளி வருவது மலக்குடல் உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம்; மலம் வராவிட்டாலும் அதன் உட்சுவர் சளி சுரந்துகொண்டுதான் இருக்கும். மலத்திலிருந்து கிடைக்கும் போசணை நின்றுவிடுவதால் அந்தச் சுவர் அழற்சியடைந்து சிறிது இரத்தமும் கசியலாம். இணைத்த பின் பெரும்பாலும் அது ஆறிவிடும். ஆயினும் இரத்தம் கண்டால், அது வேறு நோயால் அல்ல என்பதைக் கமரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்திப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வயிற்றில் தெரியும் குடல் வாய் ஒன்றா, அருகருகே இரண்டா என்று பாருங்கள். இரண்டு என்றால் பெரும்பாலும் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் திறந்து மூடிவிடலாம். நீங்கள் சொல்வதுபோல் ஒரு முனைதான் என்றால், பெரும்பாலும் பழைய தழும்பு வழியாக வயிற்றை மீண்டும் திறந்து, ஒட்டிக் கிடக்கும் குடல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுருங்கியிருக்கும் மலக்குடலின் மேல்முனையைத் தேடி இணைக்க வேண்டும். அது சிறிய வேலையல்ல. இணைப்பு கசிந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே முதலில் மலவாசலில் விரல் பரிசோதனை, வயிற்று வாய் வழியாகவும் மலவாசல் வழியாகவும் கமரா, கீழிருந்து சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.ரி. ஸ்கான் ஆகியவை நடக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் போரில் காயப்பட்டவர்களிடம் இதைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். சிதறல் முள்ளந்தண்டையோ இடுப்பு நரம்புகளையோ தொட்டிருந்தால், குடல் எவ்வளவு அழகாக இணைக்கப்பட்டாலும் மலத்தை அடக்க முடியாமல் போகலாம். பையை மாற்றிக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்த மனிதர், பை போன பிறகு வீட்டை விட்டு வெளியேற முடியாமல் இருப்பது மிகவும் கொடியது. காலில் மரத்த உணர்வு உண்டா, சிறுநீர் தானாகக் கசிகிறதா, மலவாசலைச் சுற்றித் தொட்டால் தெரிகிறதா என்பதை நேர்மையாகச் சொல்லுங்கள். தடித்த கஞ்சி போன்ற திரவத்தை மலக்குடலில் செலுத்தி, அதை அடக்கிக்கொண்டு நடக்கச் சொல்லிப் பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. அதில் தவறுபவருக்குப் பையே பாதுகாப்பானது.

இனி அந்த முகவர். உங்கள் மலக்குடலை ஒருவரும் பார்க்காத நிலையில் விலை சொல்பவர் சத்திரசிகிச்சையை விற்கவில்லை, உங்கள் ஏக்கத்தை விற்கிறார். புதிய இணைப்பு ஆறும்வரை, சிறுகுடலை வலப்பக்கத்தில் தற்காலிகமாக வெளியே எடுத்து இன்னொரு பை போடுவது பல சமயங்களில் அவசியமாகிறது. அதை மூடச் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து இரண்டாவது சத்திரசிகிச்சை தேவை. அவர் சொன்ன தொகையில் அந்த இரண்டாவது பயணம் அடங்குமா என்று கேளுங்கள். இணைப்பு கசிவது பெரும்பாலும் முதல் வாரத்தில் தெரியும், சிலரில் அதற்குப் பின்னரும் தெரியவரும். பத்தாம் நாள் விமானத்தில் ஏற்றிப் பலாலியில் இறக்கிவிட்டால், நள்ளிரவில் காய்ச்சலோடும் வயிற்று வலியோடும் நீங்கள் வந்து சேரும் வைத்தியசாலை விடுதியில், அங்கே என்ன செய்தார்கள் என்ற ஒரு வரிக் குறிப்புக்கூட எங்கள் கையில் இருக்காது. சென்னையில் திறமையான நிபுணர்கள் இருக்கிறார்கள். எனது கோபம் இடையில் நிற்பவர்மீதுதான்.

அவர் நுழையும் இடைவெளியை உண்டாக்கியது வைத்தியசாலைகளில் இருக்கும் நாங்கள்தான் என்பதையும் மறைக்க மாட்டேன். தற்காலிகம் என்று எழுதிப் பை போட்டு அனுப்பிய ஒருவரை, உரிய காலத்தில் பெயர் சொல்லித் திருப்பி அழைக்க ஒரு பதிவேடு வைப்பது அவ்வளவு பெரிய காரியமா? திகதி கொடுப்பதும், அவசர நோயாளிகள் வந்ததால் அதைத் தள்ளிப்போடுவதும், மீண்டும் கொப்பியோடு விடியற்காலையில் வரிசையில் நிற்க வைப்பதும் மனிதரைக் களைக்கச் செய்துவிடுகின்றன. களைத்தவர்களைத்தான் முகவர்கள் தேடி வருகிறார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் இணைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நீண்ட நாள் வேலையில்லாமல் சுருங்கிய மலக்குடல் முன்போல் அதிகம் தாங்காது. முதல் சில மாதங்களில் ஒரு நாளில் பல தடவை போக வேண்டிவரும், அவசரம் வரும், சிலருக்கு அது முழுதாகத் தீருவதுமில்லை. பையைச் சுற்றிப் புண்ணோ குடலிறக்கமோ உங்களை வருத்துகிறதா, அல்லது மற்றவர் கண்ணுக்குப் பயந்துதான் இதை விரும்புகிறீர்களா என்பதை வீட்டாரோடு இருந்து பேசுங்கள்.

திருமணத்துக்கு முன் சத்திரசிகிச்சை வேண்டாம். ஆறு வாரமாவது பாரம் தூக்க முடியாது, குடல் ஓர் ஒழுங்குக்கு வரப் பல மாதம் ஆகும்; பந்தலில் நீங்கள் நிம்மதியாக நிற்க உங்களுக்குப் பழகிய இந்தப் பைதான் உதவும். பரிசோதனைகளை மட்டும் இப்போதே தொடங்குங்கள். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் கடிதம் பெற்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அட்டை தொலைந்ததற்காகத் தயங்க வேண்டாம், உங்கள் தழும்பும் ஸ்கானும் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். புகைத்தால் இன்றே நிறுத்துங்கள், நீரிழிவு இருந்தால் கட்டுப்படுத்துங்கள், சளியோடு இரத்தம் வந்த நாட்களை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். முகவருக்கு இதுவரை பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.