லண்டனில் நாய் பராமரிப்புத் தொழில்: ஹரோவிலிருந்து கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, வீட்டுக்காரர் நேர்ஸ் வேலை விசாவில் வந்திருக்கிறார், நீங்கள் டிபென்டன்ட் விசாவில் கூட வந்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கிற நாய் டேகெயார் இரண்டாவது இடமும் திறந்துவிட்டது, அதேபோல வீட்டில் தொடங்கலாமா, எத்தனை நாய் எடுக்கலாம், படிக்க வந்த தம்பியையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் ஜாக்கெட், பஸ் பாஸ் பற்றிய கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்வார்கள். நான் நாய் விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் எங்கட ஆட்கள் அதிகம் மாட்டுப்படுகிறார்கள்.

முதலில் தம்பியை விடுங்கள். மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்யக் கூடாது. படிப்பு நாட்களில் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்பது சம்பள வேலைக்குத்தான். காசு வாங்கி நாயை நடத்திக்கொண்டு போவதும் சொந்தத் தொழில்தான். "கையில காசு, யார் பாக்கப் போறான்" என்று சொல்கிறவர்கள் தம்பியின் விசா போனால் வந்து நிற்க மாட்டார்கள். உங்கள் டிபென்டன்ட் விசாவில் சொந்தத் தொழில் செய்யலாம். ஒரு வரி ஆண்டில் வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்து வருகிற அக்டோபர் 5க்குள் வரி அலுவலகத்தில் பதியுங்கள்.

அடுத்தது லைசன்ஸ். 2018 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் புதிய விதிகள் நடக்கின்றன. அதற்கு முன் 1963ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. நாயைக் காசுக்கு இரவு தங்கவைப்பதானாலும் பகலில் வைத்துப் பார்ப்பதானாலும் உங்கள் பரோ கவுன்சிலின் (உள்ளூராட்சி சபையின்) லைசன்ஸ் வேண்டும். நடத்திக்கொண்டு போவதற்கும் குளிப்பாட்டி முடி வெட்டுவதற்கும் அந்த லைசன்ஸ் தேவையில்லை. இல்லாமல் நடத்தினால் தண்டப்பணம், 6 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். விண்ணப்பித்த பிறகு ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார், முடிவு வர 10 கிழமை வரை போகலாம். ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருவார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பழைய பதிவு இல்லாததால், எவ்வளவு வடிவாகச் செய்தாலும் முதல் முறை நான்குக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அது 2 வருட லைசன்ஸ். ஐந்து கிடைத்தால் 3 வருடம். இணையத்தளம் வைத்திருந்தால் லைசன்ஸ்காரரின் பெயரையும் லைசன்ஸ் இலக்கத்தையும் அதில் போட வேண்டும். இங்கத்தைய வாடிக்கையாளர் அதைத் தேடிப் பார்க்கிறார்.

வீட்டில் தங்கவைக்க வேறு நிபந்தனைகளும் உண்டு. நாய்களைப் பிரித்து வைக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை ஒதுக்க வேண்டும். வெளியே போகப் பாதுகாப்பான இடம் இருக்க வேண்டும். இரண்டு வீட்டு நாய்களை ஒரே நேரம் வைத்திருக்க இரண்டு வீட்டாரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். எத்தனை நாய் என்று கேட்டீர்கள். லைசன்ஸில் எழுதியிருக்கிற எண்ணிக்கை ஒன்று, நீங்கள் உண்மையில் பார்க்கக்கூடிய எண்ணிக்கை இன்னொன்று. இரண்டில் குறைந்த எண்ணிக்கையைத்தான் எடுங்கள். நாயைக் கூட்டிக் கூட்டி வளரப் பார்த்த இடங்களில் சண்டை, கடி, இருமல் தொற்று என்று வந்து வாடிக்கை போய்விடுகிறது. குறைந்த நாய், நல்ல நட்சத்திரம், விலையை ஏற்றுவது: உங்கள் பக்கத்து டேகெயார் மாதிரி வளர்ந்த இடங்கள் அப்படித்தான் வளர்ந்தன.

இந்தத் தொழிலில் மிகப் பெரிய ஆபத்து வாசல் கதவு. கடியை விட அதற்குத்தான் பயப்பட வேண்டும். புது வீட்டுக்கு வந்த நாய் முதல் இரண்டு மூன்று நாட்கள் தன் வீட்டுக்குப் போகத்தான் பார்க்கும். பார்சல்காரன் மணி அடிப்பான், கதவைத் திறப்பீர்கள், காலிடையால் போய்விடும். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் குழந்தைகளுக்குப் போடுகிற கேட் ஒன்று போடுங்கள். வெளியே போகும்போது இரண்டு லீட் (நாயைப் பிடிக்கிற கயிறு): ஒன்று ஹார்னஸில் (நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டி), ஒன்று கழுத்தில். ஹார்னஸ் மட்டும் போட்டால், பின்னோக்கி இழுக்கிற நாய் கழற்றிக்கொண்டு ஓடும். முதல் கிழமை பூங்காவில் அவிழ்த்தே விடாதீர்கள், உரிமையாளர் "அவன் கூப்பிட்டா வருவான்" என்று சொன்னாலும். அவருக்கு வரும், உங்களுக்கு வராது. பொது இடத்தில் கழுத்துப் பட்டியில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இது 1992 உத்தரவு, நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கும் பொருந்தும். ரிச்மண்ட் பார்க், ஹைட் பார்க் போன்ற அரச பூங்காக்களில் காசுக்கு நடத்துகிறவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும், ஒரு நேரம் நான்கு நாய்தான். எக்ஸ்எல் புல்லி வகையை யார் கேட்டாலும் எடுக்க வேண்டாம். 2024 பெப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

நாயைக் காரில் விட்டுக் கடைக்குள் போகவே கூடாது. வெளியே 22 பாகை இருக்கும் நாளில் ஒரு மணித்தியாலத்தில் காருக்குள் 47 பாகை வரை ஏறும். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எங்களுக்கு 22 பாகை குளிராகத் தெரிவதுதான் இதில் பிரச்சினை.

குளிப்பாட்டி முடி வெட்டுவதையும் சேர்க்க நினைத்தால் முறையாகப் படியுங்கள். லண்டன் முழுக்க காக்கபூ மாதிரிச் சுருள் முடி நாய்கள். மேல்முடியை மட்டும் வாரி, அடியில் சிக்கலோடு கொண்டுவருவார்கள். முதலில் தோல் வரை சீப்பு ஓட வேண்டும், பிறகுதான் தண்ணீர். சிக்கலோடு நனைத்தால் அது இறுகிக் கம்பளியாகிவிடும். சீப்பு ஓடவே இல்லையென்றால் முடி வெட்டுகிற மெஷினில் 10ஆம் இலக்க பிளேடு போட்டு எடுத்துவிடுங்கள், 1.5 மில்லிமீற்றர் முடி நிற்கும். எடுப்பதற்கு முன் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிளேடு சூடேறுகிறதா என்று அடிக்கடி மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூட்டுப் புண்தான் முறைப்பாடாக வரும். காதுச் சிக்கலை எடுத்தவுடன் நாய் தலையை உதறும். காது மடலில் இரத்தம் தேங்கி வீங்கலாம் என்பதால் அன்று உரிமையாளரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பக், புல்டோக் போன்ற தட்டை மூக்கு நாய்களைச் சூடான காற்றில் அடைத்துக் காயவைக்கவே கூடாது, மூச்சு திணறிச் செத்துவிடும். ஹஸ்கியை மொட்டை அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதன் இரட்டை முடி பழையபடி வளராமல் போகலாம்.

ஊரில் இருந்தும் இங்கே இருந்தும் "நாய் குளிப்பாட்டவா லண்டன் போனாய்" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களோடு எனக்குக் கோபம்தான். இது படித்துச் செய்கிற கைத்தொழில். முன்பு இந்த வேலைக்கு விளம்பரம் என்றால் நியூஸ் ஏஜென்ட் கடைக் கண்ணாடியில் ஒட்டுகிற சின்ன அட்டைதான். அந்தக் கடைகளில் எத்தனையோ எங்கட ஆட்களுடையவை. அட்டைக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று வாங்கிப் போட்டோமே தவிர, அந்த வேலையை எடுத்துச் செய்வோம் என்று நினைத்தவர்கள் குறைவு. 2020இல் வீட்டில் முடங்கியிருந்த சனம் நாய் வாங்கியது. பிறகு அலுவலகம் திரும்பவும் திறந்தபோது பகலில் பார்க்க ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தில் இப்போது நீங்கள் வந்து நிற்கிறீர்கள், எனக்கு அது சந்தோஷம்.

காப்புறுதி எடுக்கும்போது பொதுப் பொறுப்புக் காப்புறுதி மட்டும் போதாது. உங்கள் பொறுப்பில் இருக்கிற நாய்க்கே காயம் வந்தாலும், வாடிக்கையாளரின் வீட்டுத் திறப்பு தொலைந்தாலும் கிடைக்கிற பிரிவுகள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு படிவம்: மிருக வைத்தியரின் பெயர், தடுப்பூசித் திகதிகள், மருந்து, சாப்பாட்டு அளவு, எந்த நாயைக் கண்டால் சீறும், உரிமையாளரைப் பிடிக்க முடியாவிட்டால் எவ்வளவு தொகை வரை வைத்தியம் செய்யலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நாயைப் பொறுப்பெடுக்க வேண்டாம். திராட்சை, வெங்காயம், சாக்லேட், சைலிடோல் என்ற இனிப்பூட்டி போட்ட சூயிங்கம் எல்லாம் நாய்க்கு நஞ்சு. எங்கட சமையலில் வெங்காயம் இல்லாத கறி ஏது, அதனால் மிச்சக் கறியை ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.