மணலில் உருண்டோடும் முள்பந்து

கேள்வி: கடற்கரைக்குச் சென்றிருந்தபோது, கால்பந்து அளவுள்ள முள்பந்துகள் காற்றில் மணல்மேல் உருண்டோடுவதைக் கண்டோம். அருகில் படர்ந்திருந்த புல்லில் ஓரிடத்தில் அத்தகைய பந்துகள் நிறைய இருந்தன; வேறோர் இடத்தில் ஒன்றுகூட இல்லை. அது என்ன புல்? குழந்தைகளின் காலில் குத்துவதால் பிடுங்கிவிடலாமா?
– வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: நீங்கள் கண்டது இராவணன் மீசை என்னும் கடற்கரைப் புல். விறைத்து வளைந்த அதன் இலைகளைப் பார்த்தவர்கள் பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வார்கள். இலங்கையில் சிங்களவர்களும் இதனை இராவணனின் தாடி என்றே அழைக்கிறார்கள். தாவரவியலில் இதன் பெயர் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, தைவான் வரையுள்ள வெப்பமான கடற்கரைகளில் இது வளர்கிறது.

இப்புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. முள்பந்து பெண் செடியில் மட்டுமே உருவாகும் என்பதால், நீங்கள் பந்தே காணாத இடத்தில் படர்ந்திருந்தது பெரும்பாலும் ஆண் செடியாக இருக்கும். ஆண் பூங்கொத்து சிறியது. அதன் மகரந்தத்தைக் காற்றே பெண் பூக்களிடம் கொண்டுசேர்க்கிறது. பந்தில் நாம் முள் என்று எண்ணுவது உண்மையில் கதிரின் நீண்ட காம்பு. அதன் அடியில்தான் விதை ஒளிந்திருக்கிறது. விதை முற்றியதும் பந்து முழுவதுமாகக் கழன்று, முள்நுனிகளையே கால்களாக ஊன்றிக் காற்றின் போக்கில் உருண்டோடி, வழியெல்லாம் விதைகளைச் சிந்திவிட்டு, ஏதேனும் ஒரு பள்ளத்திலோ புதரிலோ சிக்கி நிற்கும். விதை பரப்புவதற்கு இத்தனை அழகான ஏற்பாட்டை நான் வேறெந்தப் புல்லிலும் கண்டதில்லை.

பிடுங்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். காற்று அள்ளிவரும் மணல் இப்புல்லில் மோதி, வேகம் குறைந்து, அதன் அடியிலேயே படிகிறது. மணல் மூட மூட, தண்டின் கணுக்கள்தோறும் புதிய வேரும் தளிரும் விட்டுப் புல் மேலேறி வருகிறது. இவ்வாறுதான், அடும்பங்கொடியும் உடன் படர, மணற்குன்று எழுந்து நிலைபெறுகிறது. புல்லை அகற்றிவிட்டால் அம்மணல் மறுபடியும் இடம்பெயரத் தொடங்கி வயலையும் வீட்டையும் நோக்கி வரும். புயற்காலத்து அலைகளுக்கு எதிரே நிற்கும் மேடும் கரைந்துபோகும்.

குழந்தைகள் விளையாடும் இடத்தில் உதிர்ந்து கிடக்கும் பந்துகளை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டுபோய்ப் புல் படர்ந்த பகுதியிலேயே விட்டுவிடுங்கள். இலைநுனியும் கூர்மையானது என்பதால், அப்பகுதியில் குழந்தைகள் செருப்பணிந்து நடப்பது நல்லது.