வியாழக்கிழமைப் பாட்டுக்கு யார் பணம் கட்டுவது?

கேள்வி: டாலஸிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊரில் பார் அண்ட் கிரில் ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். பழைய முதலாளி காலத்திலிருந்தே வியாழன்தோறும் உள்ளூர் கன்ட்ரி மியூசிக் குழு ஒன்று வாசிக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. குழுவுக்கு 400 டாலரும் சாப்பாடும் தருகிறேன். டிப்ஸ் ஜாடியில் விழுவது அவர்களுக்கு. லைசென்ஸ் எடுக்கச் சொல்லி ஓர் இசை உரிமை நிறுவனத்திடமிருந்து மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. "கண்டுக்காதீங்க, சும்மா மிரட்டுவாங்க" என்கிறார் குழுத் தலைவர். 3,750 சதுர அடிக்குக் குறைவான கடைக்கு லைசென்ஸே தேவையில்லை என்கிறார் ஹோட்டல் நடத்தும் நம்மூர் நண்பர். வாசிப்பது அவர்கள், நான் ஏன் கட்ட வேண்டும்? நிகழ்ச்சியை பேஸ்புக்கில் நேரலையாகவும் போடுகிறோம். அதில் சிக்கல் வருமா?

பதில்: மூன்று கடிதங்கள் வந்தும் நீங்கள் பதில் போடவில்லை. பாட்டைவிட அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

நண்பர் சொன்ன 3,750 சதுர அடிக் கணக்கு பொய்யில்லை. அமெரிக்கக் காப்பிரைட் சட்டத்தின் 110(5) பிரிவில் 1998-இல் சேர்க்கப்பட்டது அது. ஆனால் அந்தச் சலுகை ரேடியோவுக்கும் டிவிக்கும் மட்டும்தான். கடையில் டிவி ஓடினால் அந்த அளவுக்குள் தப்பிக்கலாம். மேடையில் ஆள் நின்று பிடில் வாசித்தால் கடை 500 சதுர அடியாக இருந்தாலும் சலுகை இல்லை. உங்கள் நண்பர் கடையில் ஸ்பீக்கரில் ஓடுவது ரேடியோவா, போனில் இருக்கும் பாட்டுப் பட்டியலா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவதென்றால் அவருக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

அடுத்து, "வாசிப்பது அவர்கள்தானே". இந்த வாதத்துக்கு நூறு வயதாகப் போகிறது. 1929-இல் ஒரு நடன அரங்கின் உரிமையாளர் இதையேதான் சொன்னார்: இசைக்குழு தனி ஒப்பந்தக்காரர்கள், என்ன வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்று. ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. நிகழ்ச்சியைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் அதனால் வரும் லாபமும் யாரிடம் இருக்கிறதோ அவரும் பொறுப்பாளிதான். வியாழன் இரவு பீர் விற்பனை யார் கல்லாவுக்குப் போகிறது என்பதை யோசித்தால் போதும்.

டிக்கெட் போடவில்லை என்பதும் உதவாது. விக்டர் ஹெர்பர்ட் என்ற இசையமைப்பாளர் ஒரு நியூயார்க் உணவகத்தின் மேல் போட்ட வழக்கில் 1917-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது: சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசிலேயே பாட்டின் விலையும் சேர்ந்திருக்கிறது. (பாடலாசிரியர்களுக்காக உரிமைத் தொகை வசூலிக்கும் ஆஸ்காப் நிறுவனத்தை 1914-இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர், காரணத்தோடுதான் வழக்குக்குப் போயிருக்கிறார்.)

இனி பணம். உரிமம் இல்லாமல் பாடிய ஒவ்வொரு பாட்டுக்கும் நீதிமன்றம் 750 முதல் 30,000 டாலர் வரை விதிக்கலாம். தெரிந்தே செய்தது என்று நிரூபித்தால் 1,50,000 வரை போகலாம். உங்கள் மூன்று கடிதங்களின் மதிப்பு இப்போது புரிகிறதா? "தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பை அவை அடைத்துவிட்டன. ஒரு வியாழனன்று யாரோ ஒருவர் மூலை மேசையில் உட்கார்ந்து, ஒரு பர்கர் சொல்லிவிட்டு, பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டு போயிருப்பார். வழக்குக்கு அதில் ஐந்தாறு பாட்டு போதும். கம்பெனியை, முதலாளியின் சொந்தச் சொத்தைக் காக்கும் எல்எல்சியாகப் பதிவு செய்திருக்கிறேன் என்று தைரியமாக இருக்க வேண்டாம். இந்த வழக்குகளில் கடையை நடத்துபவரையும் தனிப்பட்ட முறையில் பிரதிவாதியாகச் சேர்ப்பது வழக்கம்.

லைசென்ஸ் தொகை பொதுவாகக் கடையில் எத்தனை பேர் அமரலாம், வாரத்தில் எத்தனை இரவு இசை, நடனம் உண்டா என்பதைப் பொறுத்தது. எனவே படிவத்தை நிதானமாக நிரப்புங்கள். வாரம் ஒரு நாள் என்றால் ஒரு நாள் என்றே எழுதுங்கள். தீயணைப்புத் துறை அனுமதித்த இருக்கை எண்ணிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எடுத்தால் முடிந்துவிடுமா என்றால், இல்லை. ஆஸ்காப், பிஎம்ஐ, செசாக், ஜிஎம்ஆர் என்று முக்கியமாக நான்கு உரிமை நிறுவனங்கள். ஒவ்வொன்றிடமும் வேறு வேறு பாடலாசிரியர்கள். கன்ட்ரி இசையைப் பொறுத்தவரை பிஎம்ஐயைத் தவிர்ப்பது கடினம். 1939-இல் அது பிறந்தபோது ஆஸ்காப் அதிகம் சட்டை செய்யாத கன்ட்ரி பாடலாசிரியர்களையும் சேர்த்துக்கொண்டது. முதலில் குழுவிடம் பாட்டுப் பட்டியலை எழுதி வாங்குங்கள். நான்கு நிறுவனங்களின் இணையதளத்திலும் பாட்டுப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஒரே பாட்டை மூன்று பேர் எழுதி, மூவரும் மூன்று நிறுவனத்தில் இருப்பதும் உண்டு.

பணமே கட்டாமல் நடத்தவும் வழி இருக்கிறது, ஆனால் குறுகலானது. வெளியாகி 95 ஆண்டு கடந்த பாட்டுகள் பொதுச்சொத்து. ஆனால் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1953-இல் இறந்துவிட்டாரே என்று அவர் பாட்டைத் தொட்டால் மாட்டிக்கொள்வீர்கள்; பாட்டு வெளியான ஆண்டிலிருந்துதான் கணக்கு. குழுவே எழுதிய பாட்டுக்கு, ஆஸ்காப்போ பிஎம்ஐயோ எதில் இருந்தாலும், அவர்களே உங்களுக்கு நேரடியாக எழுத்தில் அனுமதி தரலாம். அந்த இரு நிறுவனங்களும் பெற்றிருக்கும் உரிமை ஏகபோகமானதல்ல. பாட்டைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் பதிப்பகத்தையும் கேட்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு நாலு பீர் உள்ளே போன ஒருவர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பாட்டைக் கேட்டு இருபது டாலரை ஜாடியில் போடும்போது, உங்கள் குழு "மாட்டோம்" என்று சொல்லுமா? சொல்லும் என்று நம்பினால் இந்த வழியில் போங்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

குழுவோடு ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். "உரிமை மீறலால் வரும் நஷ்டத்தைக் குழு ஈடு செய்யும்" என்ற வரியைச் சேர்க்கலாம். ஆனால் அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் மட்டும்தான் செல்லும், வழக்குப் போடுகிறவரைக் கட்டுப்படுத்தாது. ஐந்து கிட்டார்களையும் ஒரு பழைய பிக்கப் வண்டியையும் ஜப்தி செய்து என்ன கிடைக்கப் போகிறது?

பேஸ்புக் நேரலைக்குக் கடையின் லைசென்ஸ் செல்லாது. அது கடைக்குள் இருப்பவர்கள் கேட்பதற்கு மட்டும். பாட்டை வீடியோவோடு பதிந்து வைக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். தவிர, வாசிப்பவர்களின் சம்மதம் இல்லாமல் நேரடி நிகழ்ச்சியைப் பதிவதையும் காப்பிரைட் சட்டத்தின் 1101-ஆம் பிரிவு தடுக்கிறது. பெடல் ஸ்டீல் வாசிப்பவர் விலகிப் போய் மனத்தாங்கலானால் அதுவே ஒரு வழக்கு. இப்போதைக்கு நேரலையை நிறுத்துங்கள். குழுவின் சொந்தப் பாட்டை மட்டும், எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போடலாம்.

கடையை எப்படி வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. பொருட்களையும் பெயரையும் மட்டும் வாங்கியிருந்தால் பழைய முதலாளி காலத்து மீறல் பெரும்பாலும் உங்கள் தலையில் விழாது. அவருடைய எல்எல்சியையே வாங்கியிருந்தால் விழும். வழக்குப் போட மூன்று ஆண்டு கெடு இருக்கிறது. அவர் லைசென்ஸ் வைத்திருந்தாரா, எப்போது காலாவதியானது என்று விசாரியுங்கள். விற்பனைப் பத்திரத்தையும் மூன்று கடிதங்களையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். நிறுவனத்துக்குப் பதிலை அவரே எழுதட்டும்; நீங்களாகப் போன் செய்து "ஒரு வருஷமாகத்தான் வாசிக்கிறார்கள்" என்று சொல்லிவிடாதீர்கள்.