ஆறு பேர், ஒரு சிலம்பு: குழுச் செயற்றிட்டம் ஒருத்தியின் தலையில் விழாமல் இருக்க

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் தரம் 10 படிக்கிறேன். சிலப்பதிகாரம் வழக்குரை காதையை வைத்துப் படைப்பாக்கமாக ஏதாவது செய்துவரச் சொல்லி, எங்கள் தமிழ் மிஸ் ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்திருக்கிறார். மூன்று வாரம் இருக்கிறது. நான்தான் தலைவி. ஒருத்தி நாடகம் என்கிறாள், இன்னொருத்தி வீடியோ என்கிறாள். இரண்டு பேர் வட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் ரியூசன். மற்றவர் வீட்டுக்குப் போக அம்மா விடமாட்டார். போன தவணையைப் போல எல்லாவற்றையும் நானே எழுத வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: மகள், பேசாமல் இருக்கும் அந்த இருவரையும் சோம்பேறிகள் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். ‘நீ டைப் பண்ணு, நீ படம் கீறு, நீ பிரிண்ட் எடு’ என்று வேலையைப் பிரித்தால் எந்தக் குழுவிலும் இரண்டு பேர் ஒதுங்கத்தான் செய்வார்கள். பிரிண்ட் எடுக்க ஐந்து நிமிடம் போதும், அதற்குக் காதையைப் படிக்கவும் தேவையில்லை. படிக்கிற பாரம் கடைசியில் தலைவிக்குத்தான்.

அதனால், ஒருத்தி வராவிட்டால் அது எல்லோர் காதுக்கும் தெரிகிற மாதிரி ஒரு வடிவத்தை எடுங்கள். என் யோசனை ஒலி நாடகம். ஆறு குரல், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒருத்தியின் எழுத்தை இன்னொருத்தி இரவோடிரவாக எழுதிக் கொடுக்கலாம். குரலைக் கொடுக்க முடியாது. மேடை நாடகம் என்றால் ஆறு பேரும் ஓரிடத்தில் கூடி ஒத்திகை பார்க்க வேண்டும். உங்கள் ரியூசன் அட்டவணைகளோடு அது நடக்கிற காரியமில்லை. வீடியோவில் பாதி நாள் சேலை தேடுவதிலேயே போய்விடும்.

சரி, எதைப் பற்றி? கதையை அப்படியே திருப்பிச் சொல்லாதீர்கள், அது மிஸ்ஸுக்குத் தெரியும். காதைக்குள் இருந்து ஒரு கேள்வியைப் பிடியுங்கள். வழக்குரை காதையில் வாயிலோன் இருக்கிறான், மன்னன் இருக்கிறான், கோப்பெருந்தேவி இருக்கிறாள், கண்ணகி வருகிறாள். சாட்சி என்று ஒருவரும் இல்லை. கோவலனைப் பிடித்துக் கொடுத்த பொற்கொல்லன் எங்கே? வெட்டிய காவலர் எங்கே? புதுக்கடை நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு நடந்தால் விட்டுவிடுவார்களா? ‘மதுரையில் அழைக்கப்படாத சாட்சிகள்’ என்று வைத்து, அவர்களை இப்போது கூண்டில் ஏற்றுங்கள்.

அவர்களைத் தேட நீங்கள் நான்கு காதை பின்னால் போக வேண்டும். சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் வழக்குரை 20ஆவது. கோவலன் கொலையுண்ட கொலைக்களக் காதை 16ஆவது. கொப்பியில் எழுதிய குறிப்பு போதாது, மூலத்தை உரையோடு பாருங்கள். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தைக்கு ரியூசனுக்கு வருகிற ஒருத்தி வேண்டிய பக்கங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வரலாம். முடியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் இருக்கின்றன.

கொலைக்களக் காதையில் ஓர் இடத்தில் நின்று பாருங்கள். ஊடல் கொண்ட தேவி தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அவளைச் சமாதானம் செய்யப் பின்னால் போகிற மன்னனை வாசலில் மறித்துத்தான் பொற்கொல்லன் முறையிடுகிறான். மன்னனின் மனம் அங்கே இல்லை. ‘கன்றிய கள்வன் கையது ஆகின் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். ‘ஆகின்’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது, கவனித்தீர்களா? சிலம்பு கள்வன் கையில் இருந்தால்தான். அது தேவியின் சிலம்புதானா என்று பார்க்க வேண்டியவர் யார்? ‘கொன்று’ என்ற சொல் வேறு முன்னால் வந்து நிற்கிறது. கொன்ற பிறகு விசாரிப்பது யாரை? இந்த ஒரு வரியை வைத்தே மன்னன் பாகத்துக்கு ஒரு பக்கம் எழுதலாம்.

காவலரும் அப்படித்தான். கோவலனைப் பார்த்ததுமே ‘கொலைப்படு மகன் அலன்’ என்று அவர்கள் சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி ஒரு விரிவுரையே நடத்துகிறான். அவர்கள் தயங்கிக்கொண்டு நிற்கும்போது ‘கல்லாக் களிமகன்’ ஒருவன் வாளை வீசுகிறான். தயங்கிய காவலரில் ஒருவன் சாட்சி சொன்னால் என்ன சொல்வான்? உங்கள் நாடகத்தின் உயிர் அங்கேதான் என்பேன்.

ஆக, பாகங்கள்: கண்ணகி, மன்னன், பொற்கொல்லன், தயங்கிய காவலன், ஆயர்சேரியில் அடைக்கலம் கொடுத்த மாதரி, கேள்வி கேட்கும் நீதவான். தன் பாகத்தை அவரவரே எழுத வேண்டும். தாளில் அரைப் பக்கம், அதற்குள் மூலத்தில் இருந்து ஒரு வரியாவது வர வேண்டும். நீங்கள் நீதவானாக இருங்கள். கேள்விகளை எழுதுவதும் துண்டுகளைத் தைப்பதும் மட்டும்தான் உங்கள் வேலை. பேசாமல் இருக்கும் இருவரில் ஒருத்திக்குக் காவலனைக் கொடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் உரத்துப் பேசும்போது வாயை மூடிக்கொண்டு நின்றவனின் பாகம் அது. அவளுக்கு அதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் ஒரு குழு ரெஜிபோமில் கண்ணகியின் சிலம்பு செய்து வந்தது. பொன் நிறத் தாள் ஒட்டி, திறந்தால் உள்ளே வெள்ளை முத்துகள். அத்தனை அழகு. நானும் மயங்கிப்போய் முழுப் புள்ளி போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல். முத்துப் பரல் தேவியினுடையது. அந்தப் பிள்ளைகள் செய்த சிலம்பை உடைத்திருந்தால் பாண்டியன் வழக்கில் வென்றிருப்பான்! கை நன்றாக வேலை செய்திருந்தது, காதையை ஒருவரும் படிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

உங்கள் நாடகத்தில் அந்த வித்தியாசத்தைக் காதால் காட்டலாம். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஜவ்வரிசி போட்டுக் குலுக்குங்கள், பிறகு சின்னக் கூழாங்கற்கள் போட்டுக் குலுக்குங்கள். முதலாவது முத்து, இரண்டாவது மாணிக்கம். எது யாருடையது என்று சொல்லாமல் தொடக்கத்திலேயே இரண்டையும் கேட்க வைத்துவிட்டு, முடிவில் சிலம்பு உடையும்போது இரண்டாவது ஒலி மட்டும் வரட்டும். படம் கீறுகிற பிள்ளை மனம் நோகாமல் இருக்க அட்டைப்படம் ஒன்று கீறட்டும், ஆனால் பாகம் பேசிவிட்டுத்தான்.

பேச்சுத் தமிழா, செந்தமிழா என்று கட்டாயம் சண்டை வரும். சபையில் கண்ணகியும் மன்னனும் பேசியது மூலத்தின் வரிகளாகவே இருக்கட்டும். சாட்சிகள் அவரவர் வீட்டுத் தமிழில் பேசட்டும். கொழும்பு வகுப்பறையில் யாழ்ப்பாணம், மலையகம், மட்டக்களப்பு என்று எல்லாப் பேச்சும் இருக்கிறதே, அதை ஏன் மறைக்க வேண்டும்? குழுவில் மட்டக்களப்புப் பிள்ளை இருந்தால் அம்மம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அங்கே கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ பாடுவார்கள். சிங்களத் தோழிகளுக்கு இவள்தான் பத்தினி தெய்யோ. ஆனால் அதையெல்லாம் நாடகத்துக்குள் திணிக்க வேண்டாம், அறிமுகத்தில் ஒரு வரி போதும்.

பதிவுக்கு யார் வீட்டுக்கும் போகத் தேவையில்லை. ஒவ்வொருத்தியும் அம்மாவின் போனிலேயே பதியலாம். ஃபேனை நிறுத்தி, உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதைப் பார்த்தபடி பேசினால் எதிரொலி குறையும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். காலி வீதிப் பக்கமோ ரயில் பாதைப் பக்கமோ வீடு உள்ளவர்கள் விடியற்காலையில் பதிவது நல்லது. ஒத்திகைக்கு வட்ஸ்அப் குரல் பதிவு போதும். இறுதிப் பதிவை மட்டும் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள், ஒலி கெடாது.

எழுத்துப் பிரதியை எல்லோரும் யூனிகோடில் டைப் செய்யச் சொல்லுங்கள். ஒருத்தி பாமினியில் அடித்து அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அது கடைசி இரவில்தான் தெரியவரும். அப்புறம், ஏஐயிடம் எழுதி வாங்கலாமா என்று ஒருத்தி கட்டாயம் கேட்பாள். காவலன் ‘சமூக நீதி’ பற்றி உரையாற்றத் தொடங்கினால் எந்த மிஸ்ஸும் கண்டுபிடித்துவிடுவார்.

முதல் வாரம் முடியும்போது, யார் எந்தப் பாகம், எழுதியாயிற்றா என்று ஒரு தாளில் குறித்து ஆறு பேரும் கையெழுத்து வைத்து மிஸ்ஸிடம் காட்டுங்கள். அப்போதே புள்ளி எப்படிப் பிரிப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. எழுதாதவளின் பெயருக்கு நேரே இடம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். சமர்ப்பிப்பதற்கு முதல் நாள் போய் ‘இவள் ஒன்றும் செய்யவில்லை மிஸ்’ என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியும் ஒருத்தி பதிவு அனுப்பாவிட்டால் அவளுக்காக நீங்கள் எழுதாதீர்கள். நீதவான் பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிடட்டும், பிறகு ஐந்து விநாடி மௌனம். தலைப்புக்கு அது பொருந்தும்.

சமர்ப்பிக்கும் நாளில் கோப்பைப் பென் டிரைவிலும் இரண்டு பேரின் போனிலும் வைத்திருங்கள். யாராவது வீட்டிலிருந்து சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றும் கொண்டு வாருங்கள், முதல் நாள் இரவே சார்ஜ் போட்டு.