பவல் என்ற குடும்பப்பெயர்: கேள்வி பதில்

கே: வணக்கம் சார். பவல்னு செய்தியில அடிக்கடி வருதே, இதுக்கு அர்த்தம் என்ன? ஆங்கிலப் பெயர்தானே?

ப: எழுத்துக்கூட்டல் ஆங்கிலம், பெயர் வேல்ஸ் நாட்டுடையது. ‘அப் ஹவெல்’ என்றால் வெல்ஷ் மொழியில் ‘ஹவெலின் மகன்’. மகனைக் குறிக்கும் ‘மாப்’ தேய்ந்து ‘அப்’ ஆனது. வேகமாகச் சொல்லும்போது முன்னால் இருந்த ‘அ’ உதிர்ந்தது, நடுவில் இருந்த ‘ஹ’ மறைந்தது, ‘ப்’ மட்டும் ஹவெலோடு ஒட்டிக்கொண்டது. ஹவெல் என்ற பெயருக்கு ‘கண்ணுக்குத் தெளிவாகத் தெரிபவன், மேன்மையானவன்’ என்ற பொருள் சொல்வார்கள். அந்தப் பெயர் நிலைக்கப் பெரிய காரணம் அரசர் ஹவெல் தா. வேல்ஸின் பெரும்பகுதியை ஆண்டு 950 வாக்கில் இறந்தவர். வெல்ஷ் சட்டங்களைத் தொகுக்கச் செய்தவர் என்று மரபு சொல்கிறது. ‘ஹவெல் அரசன்’ என்று லத்தீனில் பொறித்த வெள்ளிக்காசும் கிடைத்திருக்கிறது.

கே: அப்போ நம்ம ஊர் இனிஷியல் மாதிரியா?

ப: பழைய வெல்ஷ் முறை அப்படித்தான் இருந்தது. அப்பா பெயர் மகனுக்கு அடையாளமாக வரும், பேரனுக்கு வராது. தாமஸின் மகன் ஹவெல் என்றால் அவர் ‘ஹவெல் அப் தாமஸ்’, அவருடைய மகன் ‘தாமஸ் அப் ஹவெல்’. மகளுக்கு ‘ஃபெர்ச்’ என்ற சொல் வரும். திருமணத்துக்குப் பிறகும் பெண்கள் தகப்பன் பெயரையே வைத்துக்கொள்வதுதான் அங்கே பழைய வழக்கம்.

நமக்கு ஓர் எழுத்து போதும். அவர்கள் நான்கைந்து தலைமுறையைக் கோத்துச் சொன்னார்கள். அது வெறும் பெருமைக்காக அல்ல. நிலத்தில் பங்கு, கொலைக்கு ஈடாகக் கட்டவேண்டிய தொகை எல்லாமே யார் யாருக்கு எத்தனையாவது தலைமுறை உறவு என்பதைப் பொறுத்திருந்தன. வேல்ஸில் பாமரரும் ஆறேழு தலைமுறையை மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘வேல்ஸின் ஜெரால்டு’ என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார்.

கே: அப்படியென்றால் தலைமுறைக்குத் தலைமுறை மாறிய பெயர் எப்போது, எதனால் நிலைத்தது?

ப: ஒரே நாளில் நடக்கவில்லை. எட்டாம் ஹென்றி காலத்தில், 1536லும் 1540களின் தொடக்கத்திலும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் நிர்வாகத்தோடு சேர்த்தன. நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடந்தது. 1538இல் தேவாலயப் பதிவேடு வைக்கச் சொல்லி ஆணை வந்தது. நீளமான ‘அப்’ சங்கிலி ஆங்கில எழுத்தர்களுக்குச் சுமை. நிலக்கிழார்கள் முதலில் மாறினார்கள். அந்த மாற்றத்துக்குக் கண்முன் நிற்கும் சாட்சி, வேல்ஸ் வரலாற்றை 1584இல் அச்சிட்ட பாதிரியார் டேவிட் பவல். அவருடைய தகப்பனார் ஹவெல் அப் டேவிட். ஒரே தலைமுறையில் ‘அப் ஹவெல்’ பவல் ஆகிவிட்டது.

சாதாரண மக்களிடம் இது மெதுவாகவே போனது. இங்கிலாந்தை ஒட்டிய கிழக்கு எல்லை மாவட்டங்களில் சீக்கிரம், வடமேற்கு மலைப்பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும்கூட.

கே: பவல், ஜோன்ஸ் ரெண்டுமே வெல்ஷ்தான். ஜோன்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்?

ப: நல்ல கேள்வி. பெயர் எப்போது உறைந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. ‘அப்’ ஒட்டிய வடிவங்கள் பெரும்பாலும் சீக்கிரம் நிலைத்த குடும்பங்களுடையவை. பவலோடு, அப் ரீஸ் என்பதிலிருந்து பிரைஸ், அப் ஹியூவிலிருந்து பியூ, அப் ஹாரியிலிருந்து பேரி, அப் ரிச்சர்டிலிருந்து பிரிச்சர்ட் வந்தன. உயிரெழுத்துக்கு முன்னால் ‘அப்’பில் உள்ள வல்லொலி (p) மெல்லொலியாக (b) மாறும். ஓவெனின் மகன் போவன், எவனின் மகன் பெவன். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையை 1948இல் தொடங்கிவைத்த அமைச்சர் அனைரின் பெவனின் பெயர் அப்படி வந்ததே.

பிந்தி நிலைத்த குடும்பங்கள் ஆங்கிலப் பாணியில் கடைசியில் ‘ஸ்’ சேர்த்துக்கொண்டன: ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ். அதற்குள் ஹவெல், ரீஸ் போன்ற பழம்பெயர்கள் குறைந்து, ஜான், டேவிட், வில்லியம் என்று சில பெயர்களே குழந்தைகளுக்கு வைக்கப்பட்டன. அப்பாக்களில் பாதிப்பேர் ஜான் என்றால் ஊரே ஜோன்ஸ் ஆகத்தானே செய்யும்? இன்றைக்கும் வேல்ஸில் முதலிடம் ஜோன்ஸுக்கு. அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் அது ஐந்தாவது இடம். பவலும் அங்கே அரிய பெயரில்லை, முதல் 150க்குள் வரும். வேல்ஸுக்குள் அதன் சொந்த மண் பிரெக்கன், ராட்னர், மன்மத் பகுதிகள், எல்லை தாண்டினால் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு.

கே: ‘ப’வில் தொடங்கும் குடும்பப்பெயர் எல்லாம் இப்படித்தானா? பார்க்கர், பேக்கர்?

ப: இல்லை. அவை தொழிற்பெயர்கள். முதல் ஒலியை எடுத்துவிட்டால் ஒரு வெல்ஷ் ஆண்பெயர் மிஞ்சவேண்டும், குடும்பத்துக்கு வேல்ஸ் அல்லது எல்லைப்பகுதித் தொடர்பும் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால்தான் ‘அப்’ என்று கொள்ளலாம்.

கே: ரஷ்ய பாவெலும் இதுவும் ஒன்றா? பேப்பரில் ரெண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்.

ப: தொடர்பே இல்லை. பாவெல் என்பது பவுல், பால் என்பதன் ரஷ்ய வடிவம். அயர்லாந்தில் ‘மாக் கில்லா ஃபோயில்’ என்ற பெயர்க்காரர்கள் சிலர் பவல் என்று மாற்றிக்கொண்டதுண்டு. அந்தப் பெயருக்குள் பவுல் இருக்கிறார். ஆகவே அயர்லாந்துப் பவல் என்றால் வேல்ஸ் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

உச்சரிப்பும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. சாரணர் இயக்கத் தலைவர் பேடன் பவலின் குடும்பத்தார் ‘போயெல்’ என்பதுபோல் சொன்னார்கள். அங்கே பேடன் என்பது குடும்பப்பெயரே அல்ல, அவருடைய தந்தையின் முதற்பெயர். தந்தை இறந்தபின் 1869இல் தாயார் இரண்டையும் இணைத்துக் குடும்பப்பெயராக்கினார்.

கே: கிரிக்கெட் வீரர் ரோவ்மன் பவல் ஜமைக்காக்காரர். அவருக்கு எப்படி வெல்ஷ் பெயர்?

ப: ஜமைக்காவில் பிரிட்டிஷ் தோட்டங்கள் அடிமை உழைப்பில் நடந்தன. வெல்ஷ்காரர்களும் அங்கே முதலாளிகளாகவும் மேற்பார்வையாளர்களாகவும் இருந்தார்கள். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சொந்தப் பெயர்கள் பறிக்கப்பட்டன. ஞானஸ்நானத்தின்போதோ, 1834இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 1838இல் முழு விடுதலை கிடைத்த காலத்திலோ பலருக்குக் குடும்பப்பெயர் பதிவானது. அது முதலாளியின் பெயராக இருக்கலாம், மேற்பார்வையாளர், பாதிரியார், ஞானத்தகப்பன் பெயராகவும் இருக்கலாம். பெயரை மட்டும் வைத்து ரத்த உறவையோ, இன்னார் இன்ன தோட்டத்தில் இருந்தார் என்பதையோ சொல்லக்கூடாது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவலின் பெற்றோரும் ஜமைக்காவிலிருந்து போனவர்களே.

கே: என் கணவர் வீட்டார் பவல். கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1830 வாக்கில் பிரெக்கனில் பிறந்தவராம். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ப: பின்னோக்கிப் போங்கள் அம்மா. இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. அவருடைய பிறப்பு அதில் இருக்காது, திருமணம் இருக்கும். திருமணச் சான்றிதழில் இருவரின் தகப்பனார் பெயரும் தொழிலும் வரும். அடுத்து 1851 கணக்கெடுப்பு. 1841 கணக்கெடுப்பில் அதே மாவட்டத்தில் பிறந்தவரா இல்லையா என்பது மட்டும் இருக்கும், 1851இல் பிறந்த திருச்சபைப் பகுதியின் பெயரே கிடைக்கும். அந்தப் பகுதியின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஐந்தாண்டு முன்பின் தேடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: குடும்பப்பெயர்க் கட்டத்தில் ‘பவல்’ என்று மட்டும் போட்டுத் தேடுவது. அவரே குழந்தையாக இருந்தபோது ஹவெல், ஹவெல்ஸ் என்று பதிவாகியிருக்கலாம். அண்ணன் தம்பிக்குள்ளேயே வெவ்வேறு குடும்பப்பெயர் இருப்பதும் உண்டு. கட்டத்தை வெறுமையாக விட்டு, பிள்ளையின் முதற்பெயர், தகப்பன் முதற்பெயர், தாய் முதற்பெயர், பண்ணையின் பெயர் இவற்றை வைத்துப் பொருத்துங்கள். வேல்ஸில் பண்ணைப் பெயர் ஆளின் பெயரைவிட நம்பகமானது. 1858க்கு முந்தைய வெல்ஷ் திருச்சபை நீதிமன்ற உயில்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசம். ராட்னரின் சில பகுதிகள் ஹெரிஃபோர்டு மறைமாவட்டத்தின் கீழ் இருந்தன. அங்கத்தியவர் என்றால் உயிலை ஹெரிஃபோர்டில் தேடவேண்டும்.

கே: என் குடும்பப்பெயரும் பவல்தான். டிஎன்ஏ சோதனை செய்தேன். தந்தைவழியில் பொருந்தியவர்களில் ஒரு பவல்கூட இல்லை, வாட்கின்ஸ், பிரைஸ் என்று வருகிறது. தப்பா?

ப: தப்பென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் உறையும் முன்பே பிரிந்த கிளைகளாக அவை இருக்கலாம். ஒரு சகோதரர் வாட்கின், இன்னொருவர் ஹவெல் என்றால் பிள்ளைகள் இரண்டு குடும்பப்பெயராகப் பிரிந்திருப்பார்கள். மறுபுறம், அடுத்தடுத்த இரண்டு ஊர்ப் பவல்களுக்குள் எந்த உறவும் இல்லாமலும் போகலாம். ஹவெல் என்ற பெயருள்ள அப்பாக்கள் எத்தனையோ பேர்.

கே: ‘பவல் குடும்ப இலச்சினை’ என்று சட்டம்போட்டு விற்கிறார்கள், வாங்கலாமா?

ப: சுவர் அலங்காரத்துக்கு வாங்கலாம், சான்றாக வேண்டாம். இலச்சினை ஒரு தனிநபருக்கு வழங்கப்படுவது. அவருடைய நேர்வாரிசுகளுக்கு மட்டுமே உரியது. பெயர் ஒன்றாக இருப்பதால் உரிமை வராது.

கே: நம்ம சென்னையோட தொடர்புள்ள வெல்ஷ் குடும்பப்பெயர் ஏதாவது உண்டா?

ப: உண்டு, யேல். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் முன்னோர் வட வேல்ஸின் ‘யால்’ என்ற பகுதியைச் சேர்ந்தவர்கள். இது ‘அப்’ வகை அல்ல, ஊர்ப்பெயர் வகை. வேல்ஸில் அந்த வகை குறைவு. 1680இல் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. 1721இல் இறந்தவரை வட வேல்ஸின் ரெக்ஸம் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். 1718இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரை எடுத்துக்கொண்டது. அவர் அனுப்பிய சரக்குகளை விற்ற பணமே அதற்குக் காரணம், அந்தச் செல்வத்தின் பெரும்பகுதி மதராஸில் சேர்த்தது.