மருத்துவர் பதில்கள்: ‘தெரியவில்லை’ என்கிறான், நம்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். ஓராண்டாகப் பள்ளியிலிருந்து வரும்போது உள்ளாடையில் மலக்கறையோடு வருகிறான். கேட்டால், வந்ததே தெரியவில்லை என்கிறான். சில நாட்களில் கறையை மறைக்க உள்ளாடையைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்கிறான். வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததில் இன்னும் மோசமாயிற்று. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, சொன்னதைக் கவனிப்பதில்லை என்று ஆசிரியையும் சொல்கிறார். இதெல்லாம் கொழுப்பு என்கிறார் என் மாமியார். என் கணவர் இரண்டு முறை அடித்துவிட்டார். இது வயிற்றுக் கோளாறா, மனக் கோளாறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வலங்கைமான்

பதில்: உங்கள் மகன் சொல்வதை முதலில் நம்புங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இது வயிற்றுப்போக்கைவிட நாட்பட்ட மலச்சிக்கலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மலத்தை அடக்கிக்கொண்டே வந்தால் அது மலக்குடலில் தேங்கி, நீர் உறிஞ்சப்பட்டுக் கெட்டியாகிவிடுகிறது. குடல் விரிந்து விரிந்து, நிறைந்திருக்கிறது என்னும் உணர்வே மழுங்கிப்போகிறது. ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் ஓரமாகக் கசிவதைப் போல, மேலிருந்து வரும் இளகிய மலம் கெட்டிக் கட்டியைச் சுற்றிக்கொண்டு கசிகிறது. அதைத்தான் நீங்கள் உள்ளாடையில் பார்க்கிறீர்கள். போக்கை நிறுத்தும் மாத்திரை அடைப்பை இறுக்கியிருக்கும்.

ஏன் அடக்குகிறான்? ஒரு முறை வலியோடு வெளியேறியிருந்தால் அடுத்த முறைக்குப் பயம் வந்துவிடும். பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாளோ தண்ணீரோ இல்லாமலிருப்பதும் போதுமான காரணம்தான். மூன்றாவதாக, ஆசிரியை சொன்னதை அலட்சியப்படுத்த வேண்டாம். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அதாவது ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகளிடம் மலச்சிக்கலும் இவ்வகைக் கசிவும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. விளையாட்டின் நடுவே வரும் உந்துதலை அந்தப் பிள்ளை தள்ளிப்போடுகிறது. உட்கார்ந்தாலும் முழுவதும் வெளியேறுமுன் எழுந்து ஓடிவிடுகிறது. ஆனால், நாற்றம் வந்துவிடுமோ என்று பயந்தபடி வயிற்று உப்பசத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் பாடத்தில் மனம் நிற்காது. ஆகவே குறைபாடு உண்டென்று இப்போதே முடிவு கட்டிவிடக் கூடாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலுமாக ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்து, படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்கும் அளவுக்கு இருந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சூட்டுவார்கள்.

குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொடியை நீரில் கரைத்துக் கொடுத்து, முதலில் தேங்கியதை வெளியேற்றுவார்கள். பிறகு குறைந்த அளவில் பல மாதங்கள் தொடரச் சொல்வார்கள். கறை நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தவறு. விரிந்த குடல் சுருங்க நாளாகும். (இரவில் இரண்டு பூவன் பழம் போதும் என்று யாராவது சொல்வார்கள். பழம் நல்லதுதான், ஆனால் இறுகிப்போன கட்டியை அது அசைக்காது.) காலை, இரவு உணவுக்குப் பின் குடல் தானாகவே அசையும் என்பதால், அப்போது ஐந்து முதல் பத்து நிமிடம் உட்காரச் செய்யுங்கள், மேல்நாட்டுக் கழிவறையானால் காலுக்கடியில் ஒரு மணைக்கட்டை போடுங்கள். உள்ளாடை சுத்தமாக இருந்ததற்காகப் பாராட்டாமல், உட்கார்ந்ததற்காகப் பாராட்டுங்கள். அவன் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகே முதல் மலம் போயிருந்தாலும், வயிறு பெருத்தல், வாந்தி, எடை கூடாமை, கால்களில் பலவீனம், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். கவனக்குறைபாட்டுக்கான மதிப்பீட்டுக்கு, அரசு மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் எங்கே இயங்குகிறது என்று கேட்டுச் செல்லலாம். உங்கள் கணவரையும் உடன் அழைத்துப் போங்கள். குடல் விரிந்திருப்பதை மருத்துவர் வாயால் அவரும் கேட்கட்டும். அடிக்குப் பயந்து மகன் இன்னும் அதிகமாக அடக்குவான், அதனால் கசிவும் கூடும்.

ஆசிரியையிடம் இரண்டு உதவி கேளுங்கள்: வகுப்பின் நடுவே கைதூக்கிக் காரணம் சொல்லாமல் அவன் வெளியே போய்வர அனுமதி, புத்தகப்பைக்குள் ஒரு மாற்று உள்ளாடையும் பிளாஸ்டிக் பையும் இருப்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது.