“ஈரானிய விவசாயி 46 சதவீதம்”: குலவரலாற்றில் இதை அச்சிடலாமா?

கேள்வி: எங்கள் குலதெய்வக் கோயில் குடமுழுக்கு மலருக்காகக் குலவரலாறு தொகுத்து வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் என் மகள் உமிழ்நீர் மாதிரி அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டாள். அந்தத் தரவை வேறோர் இணையதளத்தில் ஏற்றிப் பார்த்தபோது, ‘ஈரானியப் புதிய கற்கால விவசாயி 46 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. எங்கள் முன்னோர் ஈரானிலிருந்து வேளாண்மையைக் கொண்டுவந்தவர்கள் என்று மலரில் எழுதலாமா?
– திருப்பூர் மாவட்ட வாசகர்

பதில்: எழுத வேண்டாம். அந்த 46 என்ற கணக்கில் பிழை இருக்க வேண்டும் என்பதில்லை. சிக்கல் அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும் பெயரில்தான் இருக்கிறது. ‘ஈரானிய விவசாயி’ என்பது உங்கள் முன்னோரின் ஊரையோ தொழிலையோ குறிப்பதில்லை. உங்கள் மகளின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட பழைய எலும்புக்கூடுகளுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

அந்த எலும்புக்கூடுகள் பெரும்பாலும் மேற்கு ஈரானில், சாக்ரோஸ் மலைப்பகுதியில் உள்ள கஞ்ச் தாரே என்னும் சிறு மேட்டில் கிடைத்தவை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே மண்கட்டிகளால் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் ஆடு வளர்த்தார்கள். காய வைத்திருந்த பச்சை மண்கட்டிகளின்மீது ஆடுகள் மிதித்துச் சென்ற குளம்புத் தடங்கள் அப்படியே இறுகி, அகழாய்வில் வெளிவந்திருக்கின்றன. நம் ஊர்ச் சூளைகளில் செங்கல்மேல் நாயோ ஆடோ நடந்த தடம் பதிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. உலகில் ஆடு வளர்ப்பு தொடங்கிய இடங்களில் ஒன்றாகக் கருதப்படும் அந்த ஊர் மக்களின் மரபணுத் தொகுதி 2016-இல் வெளியானது. அன்று முதல் உலகெங்கும் ஒப்பீட்டு அளவுகோலாக அது பயன்பட்டு வருகிறது.

அந்த இணையதளங்கள் செய்யும் வேலை இவ்வளவுதான்: சில பழைய மனிதர்களின் தரவைக் கணினியிடம் கொடுத்து, இவர்களை எந்த விகிதத்தில் கலந்தால் உங்கள் மகளின் டிஎன்ஏ போன்ற ஒன்று கிடைக்கும் என்று கேட்கின்றன. பட்டியலில் இருப்பவர்களுக்குள் யார் மிக நெருக்கமோ அவர் பெயரில் கணினி பங்கை எழுதிவிடும். பட்டியலில் இல்லாத, இன்னும் நெருக்கமான ஒருவரை அதனால் சொல்ல முடியாது. குலவரலாறு எழுதும் உங்களுக்கு இதைச் சொந்த முறையிலேயே சொல்லிவிடலாம். கஞ்ச் தாரேப் பெண் உங்களுக்குப் பாட்டி அல்ல; எங்கோ மிகப் பழங்காலத்தில் பிரிந்துபோன பங்காளி வீட்டுப் பெண். பங்காளி வீட்டார் பிற்காலத்தில் என்ன தொழில் செய்தார்கள் என்பதை வைத்து நம் பாட்டன் தொழிலைச் சொல்ல முடியாது அல்லவா?

இந்தத் தவறான வாசிப்பு பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. தொல்மரபணு ஆய்வு முதலில் வேரூன்றியது ஐரோப்பாவில். அங்கே வேளாண்மை உண்மையாகவே ஆட்களோடு வந்தது. இன்றைய துருக்கியின் வடமேற்கில் உள்ள பார்ஜின் என்ற ஊரில் புதைக்கப்பட்ட விவசாயிகளின் வழித்தோன்றல்களே கோதுமையும் பார்லியும் ஆடுமாடும் கொண்டு, தலைமுறை தலைமுறையாக மேற்கே நகர்ந்தார்கள் என்பதை அங்கிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கிடைத்த நூற்றுக்கணக்கான எலும்புகள் காட்டுகின்றன. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழமையான ‘ஓட்ஸி’ என்ற மனித உடலின் மரபணுத் தொகுதியை 2023-இல் மறுபடி படித்தபோது, அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த அனத்தோலிய (துருக்கியின் ஆசியப் பகுதி) விவசாயிகளின் வழி வந்ததாகவே இருந்தது. பிரிட்டனிலும் கி.மு. 4000 வாக்கில் பயிர்த்தொழில் தொடங்கியபோது, அதற்கு முன் அங்கிருந்த வேட்டைக் குடிகளின் சுவடு மிகக் குறைவாகவே எஞ்சியது. இதைப் படித்தவர்கள், மேற்கே நடந்ததுதான் கிழக்கேயும் நடந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் வேளாண்மை பிறந்த மேற்கு ஆசியாவிலேயே நிலைமை வேறு. இஸ்ரேல், ஜோர்டான் பகுதியின் முதல் விவசாயிகளும், அனத்தோலியாவின் முதல் விவசாயிகளும், சாக்ரோஸ் மலையின் முதல் ஆடு வளர்ப்போரும் ஒரே மக்கள் அல்லர் என்று 2016-இல் தெரியவந்தது. அவர்களிடையே இருந்த மரபணு வேறுபாடு, இன்றைய ஐரோப்பியருக்கும் கிழக்கு ஆசியருக்கும் இடையே உள்ள அளவுக்குப் பெரியது. மத்திய அனத்தோலியாவின் பினார்பாஷியில் கிடைத்த, 15,000 ஆண்டுகளுக்கு முந்திய வேட்டைக்காரர் ஒருவரின் டிஎன்ஏ, பின்னாளில் அதே வட்டாரத்தில் பயிர் செய்தவர்களோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அதாவது அங்கே வேட்டையாடியவர்களின் பேரப்பிள்ளைகளே கலப்பைக்கு முந்திய அந்தத் தொடக்ககாலப் பயிர்த்தொழிலுக்கு மாறினார்கள். விதையும் வித்தையும் குடிகளுக்கிடையே கைமாறின.

இனி நம் பக்கம் வருவோம். ஹரியானாவின் ராக்கிகடியில் உள்ள சிந்துவெளிக் காலத்து இடுகாட்டிலிருந்து 61 எலும்பு மாதிரிகள் ஆராயப்பட்டன. வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் நிலத்தில் டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதைந்துவிடும். உட்காதைச் சூழ்ந்திருக்கும் கல் போன்ற எலும்பில்தான் அது ஓரளவு தங்குகிறது. ஆய்வகத்தில் அதைத் துளையிட்டு எடுக்கும் பொடி ஒரு சிட்டிகைகூடத் தேறாது. இத்தனை முயற்சிக்கும் பிறகு, தலைமாட்டில் மண்கலங்கள் வைத்துப் புதைக்கப்பட்டிருந்த ஒரே ஒரு பெண்ணின் டிஎன்ஏ மட்டுமே படிக்கும் நிலையில் கிடைத்தது. அதையும் நூற்றுக்கும் மேற்பட்ட முறை தயாரித்துச் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது. தொல்லியலாளர் வசந்த் ஷிண்டே, மரபணுவியலாளர் டேவிட் ரைக் உள்ளிட்டோர் 2019-இல் இதை வெளியிட்டார்கள். துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் கிழக்கு ஈரானின் ஷஹர்-இ-சோக்தாவிலும் உள்ளூர் மக்களிடமிருந்து வேறுபட்டுத் தெரிந்த 11 பேரின் டிஎன்ஏவும் அந்தப் பெண்ணுடையதைப் போலவே இருந்தது. சிந்துவெளியோடு தொடர்புடையவர்கள் அந்த ஊர்களில் வாழ்ந்தார்கள் என்று கொள்ள இது இடம் தருகிறது.

உங்கள் கேள்விக்கான விடை இந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறது. அவருடைய மரபில் பெரும்பங்கு, சாக்ரோஸ் ஆடு வளர்ப்போரின் மரபோடு உறவுடையது. ஆனால் அந்த இரு கிளைகளும் பிரிந்த காலம் 12,000 ஆண்டுகளுக்கும் முந்தியது என்று அந்த ஆய்வு கணக்கிடுகிறது. சாக்ரோஸில் பயிரும் ஆடும் வருவதற்கு முன்பே பிரிந்துவிட்ட கிளை என்றால், பிரியும்போது அவர்கள் விவசாயிகள் அல்லர்; வேட்டையாடியும் கிழங்கு, விதை சேகரித்தும் வாழ்ந்தவர்கள். எஞ்சிய பங்கு, அந்தமான் மக்களோடு மிகத் தொலைவில் உறவுடைய தெற்காசியப் பழங்குடி மரபு. இந்த இரண்டும் சேர்ந்த மக்கள் பிற்காலத்தில் தீபகற்பத்தின் பழங்குடிகளோடு மேலும் கலந்ததால் உருவானதே, உங்கள் மகளும் நானும் உட்படத் தென்னிந்தியர் பலரிடம் வெவ்வேறு அளவில் காணப்படும் பெரும்பகுதி மரபு.

ஒரே எலும்பை வைத்து ஒரு துணைக்கண்டத்தின் கதையைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. 2,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதிகளைக் கொண்டு 2025-இல் வெளியான ஆய்வு, நம்மிடம் உள்ள ஈரான் சார்ந்த பங்குக்கு மிக நெருங்கிய ஒப்பீடு தஜிகிஸ்தானின் சராஸ்மில், கி.மு. நான்காம் ஆயிரமாண்டில் வாழ்ந்த விவசாயிகள் என்கிறது. அது முன்சொன்ன கணக்கோடு எப்படிப் பொருந்துகிறது என்ற விவாதம் முடியவில்லை. என் கருத்தில், இரண்டு முடிவுகளில் எதை ஏற்றாலும் ‘ஈரானிலிருந்து வந்தோம்’ என்ற வாக்கியம் நிற்காது. அந்தக் கிளை மக்கள் எந்த மலையடிவாரத்தில் வாழ்ந்தார்கள் என்பதை அந்தச் சதவீதம் சொல்லாது, ‘ஈரான்’ என்ற நாட்டு எல்லையும் அன்று கிடையாது. பலுசிஸ்தானின் மெஹர்கரில் தொடக்க வேளாண் காலத்தில் விளைந்த பார்லியும் கோதுமையும் மேற்கிலிருந்து வந்த பயிர்களே, ஆனால் அங்கே பழக்கப்பட்ட திமில் மாடு இந்த மண்ணுக்குரியது.

மேலும், கொங்கு நாட்டுக் குலத்தின் வேளாண்மைக் கதைக்குக் கோதுமையும் பார்லியும் பொருத்தமான தொடக்கம் அல்ல. தென்னிந்தியப் புதிய கற்கால மக்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் கருகிய விதைகளிலிருந்தும், மாட்டுத்தொழுவச் சாணம் எரிந்து குவிந்த சாம்பல் மேடுகளிலிருந்தும் வந்தவை. பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லுவில் கொள்ளும் பச்சைப் பயறும் சிறுதானியங்களும் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டின் பையம்பள்ளியிலும் கொள்ளும் பச்சைப் பயறும் கிடைத்தன. உங்கள் மானாவாரிக் காட்டில் இன்றும் விளையும் கொள்ளுக்குச் சாக்ரோஸ் ஆடுகளைவிட உங்கள் மலரில் உரிமை அதிகம்.

ஆகவே நடைமுறையில் செய்ய வேண்டியது என்ன? அந்த இணையதளத்தில் ‘சிந்து விளிம்பு’ என்ற பெயரில் அந்த 11 பேரின் தரவு இருந்தால், அதைப் பட்டியலில் சேர்த்து மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். 46 என்ற எண் முற்றிலும் மாறிவிடும். மாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு அதை அச்சிட உங்களுக்கே மனம் வராது. இன்னொன்று, ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் 10,000 ஆண்டு என்பது 400 தலைமுறை. உங்கள் குலத்தின் பெயரோ காணியோ கோயிலோ தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்தைய கலப்பு அது. அடுத்த ஊர்க்காரரிடமும் வேறு சாதியாரிடமும் ஏறக்குறைய அதே மரபுகள்தான் வேறு விகிதங்களில் இருக்கும். குலத்துக்குரிய செய்தி அதில் ஏதுமில்லை.

எப்படியும் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும் என்றால் இப்படி எழுதலாம்: “எங்கள் மரபில், மேற்கு ஆசியாவின் முதல் ஆடு வளர்ப்போரோடு தொலைதூர உறவுடைய ஒரு தொன்மையான கிளையும், தெற்காசியப் பழங்குடிக் கிளையும் கலந்திருக்கின்றன, தென்னிந்தியர் பலருக்கும் இது பொதுவானது.” எண்ணைப் போட வேண்டாம். போடுவதானால், மகளின் டிஎன்ஏ அவளுடைய சொந்தச் செய்தி மட்டுமன்று, அவள் உடன்பிறந்தாரின், உங்களின் செய்தியும்கூட என்பதால், மலர் அச்சகத்துக்குப் போகும் முன் அவர்கள் எல்லாரிடமும் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்.